டேட்டா சென்டர் நெட்வொர்க்கிங்: முதல் சான்றிதழுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி இது: "ஐபி முகவரி, சப்நெட், விலேன் (ஒரே சுவிட்சைப் பல தனி வலைகளாகப் பிரிப்பது), கொஞ்சம் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் பாதைகளைப் பரிமாறும் நெறிமுறை) தெரியும். டேட்டா சென்டர் பக்கம் போக ஆசை. நுழைவு நிலையில் எந்தச் சான்றிதழ் எடுக்கலாம், எந்த வரிசையில் படிப்பது, எத்தனை நாள் ஆகும், லேப் கட்டாயமா? இணையத்தில் கிடைக்கும் கேள்வித் தொகுப்புகளை மனப்பாடம் செய்தால் போதாதா?"

கடைசிக் கேள்விக்கு உடனே பதில்: போதாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் எந்தச் சான்றிதழ் என்று பார்ப்போம். நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோவில் ஒரு காலத்தில் சிசிஎன்ஏ டேட்டா சென்டர் என்று தொடக்க நிலைச் சான்றிதழ் தனியாக இருந்தது, இரண்டு தேர்வுகள். 2020 பிப்ரவரி 24-ஆம் தேதி சான்றிதழ்களை மொத்தமாக மாற்றி அமைத்தபோது அதை மூடிவிட்டார்கள். டேட்டா சென்டருக்கென்று தனிச் சிசிஎன்ஏ இப்போது அங்கே இல்லை. டேட்டா சென்டர் என்ற பெயர் அதற்கு அடுத்த படியான சிசிஎன்பி நிலையில்தான் தொடங்குகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய சிசிஎன்ஏ டேட்டா சென்டர் காணொளிகளும் குறிப்புகளும் இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஃபேப்ரிக்பாத், ஓடிவி என்ற பழைய சிஸ்கோ நுட்பங்களே பக்கம் பக்கமாகப் போனால் அது அந்தக் காலத்துச் சரக்கு. மூடிவைத்துவிடுங்கள்.

பெயரிலேயே டேட்டா சென்டர் உள்ள, தொடக்க நிலைத் தேர்வு என்று நான் பரிந்துரைப்பது இன்னொரு நெட்வொர்க் கருவி நிறுவனமான ஜூனிப்பரின் ஜேஎன்சிஐஏ-டிசி. 65 கேள்விகள், 90 நிமிடம், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். ஜூனிப்பர் 2025 ஜூலையில் எச்பிஇ (ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ்) நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால் பக்கங்களும் முகவரிகளும் இடம் மாறலாம். தொடங்கும் முன் அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து பாடத்திட்டத்தை எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். வேறு யாரோ இரண்டு வருடத்துக்கு முன் நகலெடுத்துப் போட்டதை நம்ப வேண்டாம். கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி எந்த நிறுவனத்தின் பெட்டிக்கும் (சுவிட்ச், ரவுட்டர்) பொருந்தும். ஜூனிப்பர் பெட்டிகளின் இயங்குதளமான ஜூனாஸுக்கு மட்டும் உரிய இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

பாடத்திட்டத்தில் முதல் தலைப்பு டேட்டா சென்டர் கட்டமைப்பு. எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். லீஃப் (சர்வர்கள் செருகும் சுவிட்ச்), ஸ்பைன் (லீஃப்களை இணைக்கும் சுவிட்ச்), அண்டர்லே (அடியில் ஓடும் ஐபி வலை), ஓவர்லே (அதன் மேல் ஓடும் மெய்நிகர் வலை) என்று அழகான படங்கள், இரண்டே நாளில் முடித்துவிடலாம், தெம்பாக இருக்கும். ஆனால் அந்தக் கட்டமைப்பு ஒரு விடை. எந்தச் சிக்கலுக்கு விடை என்று தெரியாமல் படித்தால் படம் மட்டும்தான் மனதில் நிற்கும். அதனால் என் வரிசை வேறு: லேயர் 2 (ஈதர்நெட் மட்டம்), அப்புறம் ரவுட்டிங் (லேயர் 3, அதாவது ஐபி மட்டம்), பிஜிபி (தனித்தனி வலைகளுக்கு இடையே ரூட் பரிமாறும் நெறிமுறை), அதன் பிறகே கட்டமைப்பு.

லேயர் 2-வில் ஒரே ஒரு உண்மையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும். பூஜ்யமானால் பாக்கெட் செத்துப்போகும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை. லூப் ஒன்று உருவானால் ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் (எல்லோருக்குமான செய்தி) சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றச் சுற்றப் பெருகும். அதனால்தான் ஸ்பானிங் ட்ரீ வந்தது. ஸ்பானிங் ட்ரீ லூப்பை எப்படித் தடுக்கிறது? காசு கொடுத்து வாங்கிப் போட்ட லிங்க்குகளில் சிலவற்றை மூடிவைத்து. கோர், அக்ரிகேஷன், ஆக்சஸ் என்று மூன்றடுக்காகக் கட்டிய பழைய டேட்டா சென்டரில் மேலே போகும் இரண்டு லிங்க்கில் ஒன்று சும்மா கிடக்கும். கிளையன்ட் வெளியிலிருந்து வந்து சர்வரைத் தொட்டுவிட்டுப் போகும் காலத்தில் இது சமாளிக்கக்கூடியதாக இருந்தது. சர்வர்கள் தங்களுக்குள்ளேயே ஓயாமல் பேசத் தொடங்கியதும், அதாவது கிழக்கு-மேற்குப் போக்குவரத்து பெருகியதும், தாங்கவில்லை. அக்ரிகேஷன் சுவிட்சுகளை இரட்டையாக்கி எம்சி-லேக் (இரண்டு சுவிட்சுகளுக்குப் போகும் லிங்க்குகளை ஒன்றாகக் கட்டுவது) போட்டு ஒப்பேற்றினார்கள். அது இரண்டு பெட்டி வரைக்கும்தான் போகும்.

இதோடு ஆக்சஸ் போர்ட் (ஒரே விலேன்), டிரங்க் போர்ட் (பல விலேன்), நேட்டிவ் விலேன் (டேக் இல்லாமல் வருவது), விலேனைக் குறிக்கும் 802.1க்யூ டேக் 4 பைட், விலேன் எண்ணுக்கு 12 பிட், பயன்படுத்தக்கூடியவை 4094 என்பதெல்லாம் கை மேல் இருக்க வேண்டும். விலேன்களுக்கு இடையே ரவுட்டிங் செய்யும் இடைமுகத்துக்கு ஜூனாஸில் ஐஆர்பி என்று பெயர். அந்த விலேனில் ஒரு போர்ட்டாவது உயிரோடு இல்லாவிட்டால் ஐஆர்பி எழாது. கேள்வி கேட்க வாகான இடம் இது.

லேப் கட்டாயமா? ஆம். பெரிய செலவும் இல்லை. விஜூனாஸ்-சுவிட்ச் என்று ஒரு மெய்நிகர் சுவிட்சை ஜூனிப்பர் 2023-இல் இலவசமாக வெளியிட்டது; லேப் வேலைக்கென்றே செய்தது. ஒரு பெட்டிக்கு 4 மெய்நிகர் சிபியு, 5 ஜிபி நினைவகம் கேட்கும். 32 ஜிபி உள்ள கணினியில் இரண்டு ஸ்பைன், மூன்று லீஃப் ஓட்டிவிடலாம். ஈவிஇ-என்ஜி, கண்டெய்னர்லேப் என்ற லேப் கட்டும் மென்பொருள்களில் எது கைக்கு வருகிறதோ அதில் போடுங்கள். மெய்நிகர் இயந்திரத்துக்குள் இன்னொரு மெய்நிகராக்கம் நடக்கும் என்பதால், பயாஸில் அந்த வசதி திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதைப் பார்க்காமல் "பூட் ஆகவே மாட்டேன் என்கிறது" என்று ஒரு வாரம் போராடியவர்கள் உண்டு. ஏஆர்எம் சிப் மடிக்கணினியில் நேரடியாக ஓடாது. 16 ஜிபி-தான் இருக்கிறதா? பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் இரண்டையும் லினக்ஸில் எஃப்ஆர்ஆர் என்ற இலவச ரவுட்டிங் மென்பொருளைப் போட்டுக் கற்கலாம். கண்டெய்னர்களாக ஓட்டினால் பத்துப் பெட்டி போட்டாலும் கணினி முனகாது. ஜூனாஸ் கட்டளை வரிக்கு மட்டும் ஒரே ஒரு விஜூனாஸ் பெட்டியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

லேபில் நீங்கள் செய்ய வேண்டியது கட்டுவது மட்டும் அல்ல. கட்டுவதற்கு வழிகாட்டிப் பக்கங்கள் ஏராளம். பார்த்துத் தட்டினால் ஓடிவிடும். ஓடிய பிறகு ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டு எது விழுகிறது என்று பாருங்கள். எடுக்கும் முன், "இதை எடுத்தால் இது நடக்கும்" என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியது தப்பாகும்போதுதான் நீங்கள் ஒன்றைக் கற்கிறீர்கள். என்னுடைய அந்தத் தாள்களில் பாதிக்கு மேல் தப்பு.

ஓஎஸ்பிஎஃப்-இல் அதிகம் நேரம் போட வேண்டாம், ஏற்கனவே தெரியும் என்கிறீர்கள். அண்டை உறவு எந்த நிலையில் மாட்டிக்கொண்டால் என்ன காரணம் என்பதைப் பாருங்கள். தகவல் பரிமாற்றம் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையில் நின்றால் முதலில் எம்டியு-வைச் சந்தேகப்படுங்கள், அதாவது இடைமுகம் தாங்கும் உச்ச பாக்கெட் அளவை. இங்கே ஒரு பொடி விஷயம்: ஜூனாஸில் இடைமுகத்துக்குக் கொடுக்கும் எம்டியு எண்ணில் ஈதர்நெட் தலைப்பின் 14 பைட்டும் சேர்த்தி. வேறு பல பெட்டிகளில் அது சேராது. இரண்டு பக்கமும் 9000 என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டு, "ஒன்றாகத்தானே இருக்கிறது, ஏன் எழவில்லை?" என்று முழிப்பது இதனால்தான். அப்புறம், லிங்க்கின் காஸ்டைக் கணக்கிட ஓஎஸ்பிஎஃப் வைத்திருக்கும் அளவுகோலான ரெஃபரன்ஸ் பேண்ட்வித். டிஃபால்ட் 100 எம்பிபிஎஸ் என்பதால் 1 ஜி, 10 ஜி, 100 ஜி மூன்றுக்கும் காஸ்ட் ஒன்றுதான். டேட்டா சென்டரில் இதை மாற்றாமல் விட்டால் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

சிஸ்கோவிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ரூட் பிரிஃபரன்ஸ்: ஒரே ரூட் பல வழியில் வந்தால் எதை நம்புவது என்ற எண், சிறியது ஜெயிக்கும். ஜூனாஸில் நேரடி இணைப்பு 0, ஸ்டாட்டிக் 5, ஓஎஸ்பிஎஃப் உள் ரூட் 10, அக்ரிகேட் 130, ஓஎஸ்பிஎஃப் வெளி ரூட் 150, பிஜிபி 170. பிஜிபி-க்கு உள், வெளி என்ற வேறுபாடு இந்த எண்ணில் கிடையாது. சிஸ்கோவில் ஈபிஜிபி (வெளி பிஜிபி) 20, ஓஎஸ்பிஎஃப் 110 என்று தலைகீழாகப் பழகியிருப்பீர்கள். ஒரே ரூட் ஓஎஸ்பிஎஃப் வழியாகவும் ஈபிஜிபி வழியாகவும் வந்தால் எது ஜெயிக்கும் என்று கேட்டால் இரண்டு உலகத்திலும் விடை வேறு வேறு. இந்த எண்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், தப்பில்லை.

பல சிறிய ரூட்டுகளை ஒன்றாகச் சுருக்கும் அக்ரிகேட் ரூட், ஜெனரேட்டட் ரூட் வேறுபாட்டையும் இந்த இடத்திலேயே முடித்துவிடலாம். இரண்டுக்கும் பங்களிக்கும் சிறிய ரூட் ஒன்றாவது உயிரோடு இருக்க வேண்டும். அக்ரிகேட்டின் அடுத்த தாவல் (நெக்ஸ்ட் ஹாப்) டிஃபால்ட்டாக ரிஜெக்ட். ஜெனரேட்டட் ரூட், பங்களிக்கும் ரூட்டின் அடுத்த தாவலைத் தனதாக்கிக்கொள்ளும். ரவுட்டிங் இன்ஸ்டன்ஸ் (ஒரே பெட்டியில் தனி ரூட் அட்டவணைகள்), ரிப் குரூப் (அட்டவணைகளுக்கு இடையே ரூட்டுகளைப் பகிர்வது), ஃபில்டர் வழியாகப் பாதை மாற்றுவது ஆகியவற்றை ஒவ்வொரு தடவை லேபில் செய்து பார்த்தால் இந்த நிலைக்குப் போதும்.

இனி பிஜிபி. உங்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இங்கே போடுங்கள் என்பேன்.

இணையத்துக்கான பிஜிபி-யும் டேட்டா சென்டருக்கான பிஜிபி-யும் ஒரே நெறிமுறைதான், ஆனால் பயன்படுத்தும் மனநிலை வேறு. பெரிய டேட்டா சென்டர்களில் உள்ளே ஓஎஸ்பிஎஃப் எதுவும் இல்லாமல் ஈபிஜிபி ஒன்றையே வைத்து ரவுட்டிங் நடத்தும் முறையை விவரிக்கும் ஆவணம் ஆர்எஃப்சி 7938, 2016 ஆகஸ்டில் வந்தது (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளுக்கான பொது ஆவண வரிசை). ஆர்எஃப்சி என்றதும் பயப்பட வேண்டாம். இது கதை போலவே படிக்கலாம். எந்தத் தேவைக்காக எந்த முடிவை எடுத்தார்கள், எதை ஏன் ஒதுக்கினார்கள் என்று வரிசையாகச் சொல்லும். பணம் கொடுத்து வாங்கிய சில புத்தகங்களைவிட எனக்கு இதுதான் உதவியது.

அதில் ஒரு முடிவை எடுத்துக்கொள்வோம்: ஒவ்வொரு லீஃபுக்கும் தனித்தனி ஏஎஸ் எண் (பிஜிபி-யில் ஒரு வலையின் அடையாள எண்), ஸ்பைன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண். தனிப்பயன் எண்கள் 64512 முதல் 65534 வரை. அது பற்றாவிட்டால் 32 பிட் பகுதியில் 420 கோடிக்கு மேலே ஏராளமாக உண்டு. ஸ்பைன்களுக்கு ஏன் ஒரே எண்? முதல் ஸ்பைனுக்கும் மூன்றாவது லீஃபுக்கும் இடையே உள்ள லிங்க் அறுந்தது என்று வையுங்கள். ஸ்பைன்களுக்கு வேறு வேறு ஏஎஸ் எண் இருந்தால், முதல் ஸ்பைன் மூன்றாவது லீஃபுக்குப் போக ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்கும்: இரண்டாவது லீஃபுக்குக் கீழே இறங்கி, அங்கிருந்து இரண்டாவது ஸ்பைனுக்கு ஏறி, மறுபடி இறங்கி. மேலிருந்து கீழே வந்து மறுபடி மேலே ஏறும் இந்தப் பள்ளத்தாக்குப் பாதை நமக்கு வேண்டாம். ஏதோ ஒரு லீஃபின் லிங்க்குகளில் சம்பந்தமில்லாத கூட்டம் சேரும். ஸ்பைன்களுக்கு ஒரே எண் இருந்தால், இரண்டாவது ஸ்பைனைத் தொட்டு வரும் ரூட்டின் ஏஎஸ் பாத்தில் (கடந்து வந்த ஏஎஸ் எண்களின் பட்டியல்) முதல் ஸ்பைன் தன் எண்ணையே பார்க்கும், லூப் என்று தள்ளிவிடும். அதனிடம் வேறு வழி இல்லை என்பதால் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். மற்ற லீஃப்கள் தாமாக இரண்டாவது ஸ்பைன் பக்கம் திரும்பிவிடும். பிஜிபி-யின் லூப் தடுப்பையே வடிவமைப்பாக மாற்றிய இந்த யோசனை எனக்கு இன்றும் பிடிக்கும். லேபில் இரண்டு முறையையும் போட்டு, அதே லிங்க்கை அறுத்து, இரண்டு தடவையும் ரூட் அட்டவணையைப் பாருங்கள். இதைச் செய்து பார்த்தவருக்கு ஏஎஸ் பாத் பற்றி வரும் எந்தக் கேள்வியும் கேள்வியே இல்லை.

அடுத்தது என் சொந்தக் கதை. முதன்முதலில் இரண்டு ஸ்பைன், மூன்று லீஃப் கட்டி, ஒரு லீஃபிலிருந்து இன்னொரு லீஃபின் லூப்பேக் முகவரிக்கு (எந்தப் போர்ட்டையும் சாராமல் பெட்டிக்கே உரிய முகவரி) இரண்டு பாதை வர வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதலில் ரூட்டே வரவில்லை. ஜூனாஸில் பிஜிபி டிஃபால்ட்டாக பிஜிபி வழியாகக் கற்றதை மட்டும்தான் வெளியே சொல்லும். சொந்த லூப்பேக் நேரடி ரூட், அதற்கு எக்ஸ்போர்ட் பாலிசி (எதை வெளியே சொல்வது என்ற விதி) எழுத வேண்டும். எழுதினேன், ரூட் வந்தது, ஆனால் ஒரே பாதை. ஒன்றுக்கு மேற்பட்ட பாதையை ஏற்கச் சொல்லும் மல்டிபாத் போட்டேன். இன்னும் ஒன்றுதான். நான் ஸ்பைன்களுக்கு வேறு வேறு எண் கொடுத்திருந்தேன். பாதை நீளம் சமமாக இருந்தாலும் பக்கத்து ஏஎஸ் வேறாக இருந்தால் வெறும் மல்டிபாத் ஏற்காது, பல ஏஎஸ்-ஐயும் ஏற்கச் சொல்லி இன்னொரு சொல் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ரூட் அட்டவணையில் இரண்டு அடுத்த தாவல்கள் பளிச்சென்று தெரிந்தன. முடிந்தது என்று எழுந்துபோய்விட்டேன்.

முடியவில்லை. மறுநாள் போக்குவரத்தை ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே லிங்க்கில் போகிறது. ரூட் அட்டவணையில் இருப்பது ரவுட்டிங் எஞ்சினின் அறிவு; பாக்கெட்டைத் தள்ளும் சிப் பார்ப்பது ஃபார்வர்டிங் அட்டவணையை. ஜூனாஸ் டிஃபால்ட்டாக இரண்டில் ஒன்றை மட்டும் கீழே இறக்கும். இரண்டையும் இறக்க, ஒரு லோட் பேலன்ஸ் பாலிசி எழுதி அதை ஃபார்வர்டிங் அட்டவணைக்கு எக்ஸ்போர்ட்டாகக் கொடுக்க வேண்டும். வேடிக்கை, அந்தப் பாலிசியில் எழுதும் சொல் "பெர்-பாக்கெட்". பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்தால் வரிசை கலைந்து டிசிபி திணறுமே என்று பயந்தேன். மிகப் பழைய சிப்பில் உண்மையிலேயே அப்படித்தான் பிரித்தது; பின்னால் வந்தவை ஃப்ளோ (ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள்) வாரியாகப் பிரிக்கின்றன, பெயர் மட்டும் தங்கிவிட்டது. எனக்கு இரண்டு நாள் தின்ற இந்த விவகாரத்தில் நான்கு தேர்வுக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: எக்ஸ்போர்ட் டிஃபால்ட், மல்டிபாத் நிபந்தனை, இரண்டு அட்டவணைகளின் வேறுபாடு, பெயருக்கும் நடப்புக்கும் உள்ள முரண்.

கவனித்தீர்களா, நான்கும் "டிஃபால்ட்டாக என்ன நடக்கும்" என்பதைச் சுற்றியே இருக்கின்றன. இந்த நிலைத் தேர்வின் உயிர்நாடி அதுதான் என்பது என் கணிப்பு. ஒன்றும் சொல்லாவிட்டால் பெட்டி என்ன செய்யும்? பல லிங்க்குகளை ஒன்றாகக் கட்டும் லேக்-இல் இரண்டு பக்கமும் எல்ஏசிபி (அதற்கான பேச்சு நெறிமுறை) பாஸிவ் என்றால் எழாது, யாராவது ஒருவர் பேச்சைத் தொடங்க வேண்டுமே. ஜூனாஸில் எத்தனை ஏஇ இடைமுகம் (லேக்-குக்கு ஜூனாஸ் வைத்த பெயர்) வேண்டும் என்று சேஸிஸ் மட்டத்தில் சொல்லாவிட்டால், நீங்கள் எழுதிய ஏஇ இடைமுகம் உருவாகவே உருவாகாது. கமிட் (கான்ஃபிக்கைப் பெட்டி ஏற்பது) மட்டும் ஆகிவிடும். பிஜிபி நிலை "ஆக்டிவ்" என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், டிசிபி இணைப்புக்கு இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். "எஸ்டாப்ளிஷ்ட்" வந்தால்தான் உறவு. படிக்கும்போது தனியாக ஒரு நோட்டுப் போட்டு டிஃபால்ட்டுகளை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் அது ஒன்றே போதும்.

இந்த இடத்துக்கு வந்த பிறகு கட்டமைப்புப் பாடத்தைத் திறந்தால் அது தானாக அவிழும். ஸ்பானிங் ட்ரீ லிங்க்கை மூடுகிறதா, அப்படியானால் சுவிட்சுகளுக்கு இடையே லேயர் 3 ஓட்டு. சமமான பாதைகளில் சுமையைப் பகிரும் ஈசிஎம்பி எல்லா லிங்க்கையும் பயன்படுத்தும். எந்த லீஃபிலிருந்து எந்த லீஃபுக்கும் மூன்று சுவிட்சுகள்தான், தாமதம் சமம். இந்த வலையமைப்பின் மூலம் தொலைபேசிக் காலத்தியது. பெல் ஆய்வகத்தின் சார்லஸ் க்ளாஸ் 1953-இல் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எழுதிய கட்டுரையிலிருந்து வந்ததால் இதற்கு க்ளாஸ் ஃபேப்ரிக் (ஃபேப்ரிக் என்றால் சுவிட்சுகளின் பின்னல்) என்றும் பெயர். ஓவர்சப்ஸ்கிரிப்ஷன் (சர்வர் பக்க வேகத்துக்கும் ஸ்பைன் பக்க வேகத்துக்கும் உள்ள விகிதம்) கணக்கு கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும், பெருக்கல் வகுத்தல்தான்: சர்வர் பக்கம் 48 போர்ட் 10 ஜி என்றால் 480 ஜி, ஸ்பைன் பக்கம் 6 போர்ட் 40 ஜி என்றால் 240 ஜி, ஆகவே 2-க்கு 1.

சரி, எல்லாம் லேயர் 3 ஆகிவிட்டால், ஒரே விலேன் இரண்டு ரேக்கில் வேண்டும் என்று கேட்கும் சர்வர்களை என்ன செய்வது? அதற்குத்தான் விஎக்ஸ்லேன். லீஃப் சுவிட்சு, ஈதர்நெட் ஃபிரேமை அப்படியே எடுத்து யுடிபி உறைக்குள் போட்டு ஐபி வழியாக அடுத்த லீஃபுக்கு அனுப்புகிறது. போர்ட் எண் 4789. அடையாள எண் 24 பிட் என்பதால் சுமார் 1.68 கோடி பிரிவுகள். 4094-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்எஃப்சி 7348, 2014. எந்த மேக் முகவரி (கருவியின் ஈதர்நெட் முகவரி) எந்த லீஃபுக்குப் பின்னால் இருக்கிறது என்ற செய்தியை பிஜிபி வழியாகவே பரப்புவது ஈவிபிஎன். நுழைவு நிலையில் இதற்கு மேல் ஆழம் வேண்டாம். ஈவிபிஎன் ரூட் வகைகளை ஒவ்வொன்றாகத் தோண்டத் தொடங்கினால் ஒரு மாதம் காணாமல் போகும்; அது அடுத்த படிக்கு.

ஆனால் உறையின் எடையை மறக்க வேண்டாம். விஎக்ஸ்லேன் 50 பைட் கூட்டும். உள்ளே 1500 பைட் என்றால் அடியில் ஓடும் ஐபி எம்டியு குறைந்தது 1550 வேண்டும். பொதுவாக 9000-க்கு மேலே வைத்துவிடுவார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், புதிய ஃபேப்ரிக்கில் பிங் போகிறது, எஸ்எஸ்எச் உள்ளே விடுகிறது, பெரிய கோப்பை நகலெடுத்தால் மட்டும் உறைந்து நிற்கிறது. சர்வர் குழு நெட்வொர்க்கைச் சொன்னது, நெட்வொர்க் குழு ஃபயர்வாலைச் சொன்னது. ஒரு ஸ்பைனில் ஒரே ஒரு இடைமுகத்தில் எம்டியு மாற்ற மறந்திருந்தார்கள். சுமையைப் பகிரும் கணக்கில் (ஹாஷ்) அந்த லிங்க்குக்கு விழுந்த ஃப்ளோக்கள் மட்டும் நின்றன, மற்றவை ஓடின. சின்னப் பிங் எப்போதும் போகும். துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு பெரிய பிங் அடித்திருந்தால் கொஞ்ச நேரத்தில் தெரிந்திருக்கும். உங்கள் லேபில் இதை வேண்டுமென்றே செய்து, அறிகுறி எப்படி இருக்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள்.

ஹை அவெய்லபிலிட்டி (ஒன்று விழுந்தாலும் சேவை நிற்காதிருப்பது) தலைப்பில் பெயர்கள் குழப்பும். கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் என்பது அண்டை வீட்டாரின் தயவில் நடப்பது: "நான் ஒரு நிமிடம் செத்துப் பிழைக்கிறேன், அதுவரை என் ரூட்டுகளைத் தூக்கி எறியாதே." என்எஸ்ஆர் (நான்ஸ்டாப் ஆக்டிவ் ரவுட்டிங்) என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாமலே இரண்டாவது ரவுட்டிங் எஞ்சின் பொறுப்பேற்பது. இரண்டையும் சேர்த்துப் போட ஜூனாஸ் விடாது. ஒற்றை எஞ்சின் கொண்ட லீஃப் சுவிட்சுக்கு இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி தட்டிப் பார்க்கும் பிஎஃப்டி-யும் அப்படித்தான், எங்கே தேவை என்று புரிந்துகொள்ளுங்கள். ஜூனாஸில் பிஜிபி ஹோல்ட் டைம் (எதிர்முனை பேசாவிட்டால் காத்திருக்கும் நேரம்) டிஃபால்ட் 90 நொடி. பிஎஃப்டி 300 மில்லிநொடி, மூன்று தவறல் என்று வைத்தால் ஒரு நொடிக்குள் தெரிந்துவிடும். ஆனால் நேரடி ஃபைபர் அறுந்தால் இடைமுகமே விழுந்து, ஒரு தாவல் ஈபிஜிபி உறவும் உடனே போய்விடும். அங்கே பிஎஃப்டி-க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இடைமுகம் எழுந்தே இருக்க, உள்ளே பாக்கெட் மட்டும் போகாத தோல்வியில்தான் அதன் அருமை தெரியும்.

எத்தனை நாள்? நீங்கள் சொல்லும் அடிப்படை உண்மையிலேயே இருந்தால், வேலை நாளில் ஒரு மணி நேரம், விடுமுறையில் மூன்று மணி நேரம் என்று எட்டு முதல் பத்து வாரம். லேயர் 2-க்கு ஒன்றரை வாரம், ரவுட்டிங் அடிப்படைக்கு இரண்டு, பிஜிபி-க்கு மூன்று, மீதி எல்லாம் மிச்ச வாரங்களில். சப்நெட் கணக்குக்கு இன்னும் தாளும் பேனாவும் தேவைப்படுகிறது என்றால் முன்னால் ஒரு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வுத் தேதியை முதல் நாளே பதிவு செய்துவிடு என்று அறிவுரை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஐந்து பெட்டி ஃபேப்ரிக்கை எந்தக் குறிப்பும் பார்க்காமல், வெறும் கான்ஃபிக்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுப்ப முடிகிற அன்று பதிவு செய்யுங்கள்.

மனப்பாடத் தொகுப்புகளுக்கு வருவோம். தேர்வு ஒப்பந்தத்தை மீறுவது, பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும் என்பது ஒரு பக்கம். அவற்றில் விடைகளே பல இடத்தில் தப்பு என்பது இன்னொரு பக்கம். யாரோ நினைவிலிருந்து எழுதி, யாரோ ஊகித்து விடை குறித்தவை. நேர்முகத்தில் நான் எதிரே உட்கார்ந்தால் முதலில் கேட்பது: "இந்தச் சர்வரிலிருந்து அந்தச் சர்வருக்கு ஒரு பாக்கெட் போகிறது, வழி நெடுகச் சொல்லுங்கள்." ஏஆர்பி-யில் (ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கண்டுபிடிப்பது) தொடங்கி லீஃப், உறை, ஹாஷ், ஸ்பைன், எதிர் லீஃப் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போனால், தப்பு இரண்டு இருந்தாலும் பரவாயில்லை. மனப்பாடம் செய்தவர் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிடுவார். மாதிரித் தேர்வுகளை அதிகாரப்பூர்வப் பயிற்சியோடு வருபவற்றில் எடுங்கள். தப்பான ஒவ்வொரு விடையையும் லேபில் நிரூபித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தேர்வு அன்று கேள்விக்கு 80 நொடிக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும், தாராளம்தான். நேரம் தின்பவை திரையில் கான்ஃபிக்கோ கட்டளை வெளியீடோ காட்டும் கேள்விகள். முதலில் கேள்வியின் கடைசி வரியைப் படியுங்கள், பிறகு கான்ஃபிக்கைப் பாருங்கள். மேலிருந்து முழுதும் படித்தால் எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் படிப்பீர்கள். "இரண்டைத் தேர்ந்தெடு" என்ற சொல்லைப் பதற்றத்தில் தவறவிடாதீர்கள். சிஸ்கோ பழக்கத்தில் கை தானாகப் போகும் விடை ஒன்று பெரும்பாலும் அங்கே காத்திருக்கும். ரூட் பிரிஃபரன்ஸ், எம்டியு, பிஜிபி எக்ஸ்போர்ட் மூன்றிலும் ஒரு விநாடி நின்று, இது ஜூனாஸ் என்று நினைவுபடுத்திக்கொண்டு குறியுங்கள். நான் எழுதியபோது கடைசியில் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது.